சொட்டு நின்ற கார்

குன்னூரில் மத்தியானமே மேகம் கார் ரிப்பேர் ஷெட்டுக்குள் வந்துவிடும். யாரையும் கேட்காது. வந்துவிட்டால் கார்கள் தரையில் நிற்கின்றனவா, மிதக்கின்றனவா என்றே சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஜெசிந்தா மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பழைய காருக்கு அடியிலும் செய்தித்தாள் விரிப்பார். மறுநாள் காலையில் குனிந்து பார்ப்பார். எண்ணெய்ச் சொட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது, கறுப்பா, தேன் நிறமா. ஊரெல்லாம் பேப்பரில் சேதி படிக்கும், இவர் சொட்டுப் படிப்பார்.

அவரிடம் தொழில் கற்க வந்த சவரிமுத்து, வயதில் அவருக்கு மூத்தவர். லாரி ஓட்டி ஓட்டி முதுகு போனதும், வண்டியைப் பிரிய மனமில்லாமல் ஸ்பானரைப் பிடித்த ஆள்.

ஒருநாள் சவரிமுத்து கேட்டார்: "மேஸ்திரி, இந்த எஸ்டேட் காரு பின்னாடி ஒழுகிட்டே இருக்கே. ஒரேயடியா நிறுத்த வழி இல்லையா?"

"என்ன அவசரம் அண்ணே?"

"ரெஜினா கல்யாணத்துக்கு இந்தக் காரைத் தர்றேன்னு எஸ்டேட் முதலாளி சொல்லியிருக்கார். மாதா கோயில்ல ஞாயித்துக்கிழமை பூசையில கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பிச்சாச்சு. எம்பொண்ணு வந்து இறங்குற வாசல்ல எண்ணெய்க் கறை விழுந்தா மானம் போயிடும்."

"ரெஜினா இன்னும் அழுதுட்டேதான் இருக்கா?"

"அதை ஏன் கேக்குறீங்க. பரிசம் போட்டதுல இருந்து ஒரே அழுகை. 'இன்னொரு வாட்டி அழுதே, என் பொணத்துலதான் முழிப்பே'ன்னு ஒரு சத்தம் போட்டேன். அன்னையோட நின்னுடுச்சு. இப்ப வீடு கம்முனு இருக்கு."

"ஏன் அழுதான்னு கேட்டீங்களா?"

"கேட்டா இன்னும் அழுவா, மேஸ்திரி."

ஜெசிந்தா கையைத் துடைத்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டார்.

"இன்ஜினோட பின் பேரிங் தேய்ஞ்சிருக்கும். சாமான் வாங்க கோயம்புத்தூர் போறேன். அதுவரைக்கும் ஒழுகுனா ஒழுகட்டும். காரைத் தொடாதீங்க."

சொன்னால் கேட்கிற கையா அது! பஸ் கிளம்பிய கையோடு சவரிமுத்து காருக்கு அடியில் படுத்துவிட்டார். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, ஓரமெல்லாம் ஒழுகல் அடைக்கும் பேஸ்ட்டை வழிய வழிய அப்பி, மூச்சைப் பிடித்து போல்ட்டுகளை முறுக்கினார்.

சோதிக்க வேண்டாமா? பக்கத்து காட்டேரி கிராமத்து ரோட்டில் எடுத்துப் போனார். மேகம் இறங்கியிருந்தது. ரோடு தெரியவில்லை, மரம் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை, அதற்குள் கார் தூக்கத்தில் போவது போலப் போனது. பின் சீட்டில் ரெஜினா கல்யாணச் சேலையில் சிரித்தபடி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டார். அடடா, என்ன சுகம்! திரும்பிப் பார்த்தால் சிரிப்பு போய்விடுமோ என்று பயந்து, திரும்பாமலே ஓட்டினார்.

மறுநாள் காலையில் காருக்கு அடியில் பேப்பர் பளிச்சென்று இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஜெசிந்தாவை வாசலிலேயே மடக்கினார்.

"பாத்தீங்களா மேஸ்திரி? ஒரு சொட்டு காட்டுங்க பாப்போம்!"

ஜெசிந்தா குனிந்து அந்த வெறும் பேப்பரை வெகுநேரம் பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணே."

இன்ஜின் ஓடியது. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அதைச் சவரிமுத்துவின் காதுக்குக் கொடுத்தார்.

"என்ன கேக்குது?"

சவரிமுத்துவின் முகம் மாறியது. "உள்ள இருந்து யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கு மேஸ்திரி."

"அணைச்சிடுங்க."

இருவரும் தொட்டியைக் கழற்றினார்கள். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் துண்டு துண்டாக உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை மூடியிருந்தது. பின் பேரிங் காய்ந்து, கீறிக்கிடந்தது. தொட்டதும் வெள்ளியாய்ப் பொடி உதிர்ந்தது.

"எண்ணெய் நிறைய இருக்கே மேஸ்திரி! ஒரு சொட்டுகூட வெளிய போகலையே!"

"ஆமா. பேரிங்குக்கும் போகல."

சவரிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். விரல் நுனியில் அந்தப் பொடி மினுங்கியது. மேகம் உள்ளே வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. பிறகு சவரிமுத்து கையைத் துடைக்காமலே போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"ரெஜி... அப்பாதான். ஒண்ணுமில்லம்மா, சும்மாதான். நீ... நல்லாருக்கியா?"

அந்தப் பக்கம் ஒரு விசும்பல். அப்புறம் ஷெட்டுக்கே கேட்கிற மாதிரி ஓவென்று அழுகை.

"அழா..." என்று ஆரம்பித்த சவரிமுத்து வாயைப் பொத்திக்கொண்டார். போனை நெஞ்சில் அழுத்தியபடி ஜெசிந்தாவைப் பார்த்தார். சவரிமுத்துவின் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டா மேஸ்திரி. நான் என்ன செய்யட்டும்?"

"அடைக்காதீங்க அண்ணே," என்றார் ஜெசிந்தா. "எங்கேருந்து வருதுன்னு கேளுங்க."