கோடீஸ்வரி திரும்பிப் பார்ப்பதில்லை

மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு மைதானத்தைப் பற்றியே மணிக்கணக்கில் பேச வியாசர்பாடியில் ஒருத்தியால்தான் முடியும். கோடீஸ்வரிக்கு வயது பதின்மூன்று. அவள் வாய்க்கு ஐம்பதாவது இருக்கும். பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் அணியின் மாற்று ஆட்டக்காரிகளுக்கான பெஞ்சில் அவள் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பின்னால் மர நிழலில், தரையில் இருந்தாள் நசீமா. அவளுக்கு நேரே மைதானம், நடுவில் மறைத்துக்கொண்டு கோடீஸ்வரி.

நசீமாவுக்குக் கதை கேட்கிற மனநிலையே இல்லை. கோயம்புத்தூர் போட்டிக்குப் போகிற பட்டியலில் ஓடி ஆடுகிறவர்களுக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம். இரண்டாவது கோல்கீப்பருக்கு அம்மை போட்டிருந்தது. அது எஸ்தர் கோச்சின் தனிக் கவலை. அந்த ஓர் இடத்துக்கு இவர்கள் இருவரில் ஒருத்திதான் ரயில் ஏற முடியும். கோச் ஒரு மாதமாக நசீமாவை ஒவ்வோர் இடத்திலும் நிற்கவைத்துப் பார்த்துவிட்டார். எங்கேயும் ஒட்டவில்லை. இன்று இரண்டாம் பாதியில் ஒருத்தியை இறக்கிப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. இறக்குவதற்கு முன்னால் ஆட்டக்காரியை மைதானத்துக்கு முதுகு காட்டி நிறுத்தி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்பார். சொல்லத் தெரியாதவள் மறுபடி பெஞ்சுக்குத்தான் போவாள்.

"அதுக்குத்தான்டி இப்பவே திரும்பி உக்காந்துக்கினேன்," என்றாள் கோடீஸ்வரி. "எனக்கெல்லாம் கண்ணே தேவையில்ல. போன வருசம் ஓட்டேரி மேட்ச்ல ரெண்டு கண்ணுலயும் மண்ணு. வெளிய வந்தேனா? காதை வச்சே ஆடுனேன். ஷூ சத்தத்துலயே யார் எங்க ஓடுறான்னு தெரிஞ்சுது. ஒருத்தி அவ அண்ணன் ஷூவைப் போட்டுக்கினு வந்திருந்தா, அதையும் கண்டுபுடிச்சேன்."

"சத்தத்துலயா?"

"ஆமா. அந்த ஷூ மட்டும் சலிச்சுக்கினே ஓடுச்சு."

நசீமா கழுத்தை நீட்டி அவள் தோளுக்கு மேலே பார்த்தாள். "எதிர் டீம் ரைட் பேக் மேல ஏறிட்டு எறங்கவே மாட்டேங்குறாடி. பின்னாடி வீடு கட்டலாம், அவ்ளோ காலி."

"காலி எடத்தைப் பத்தி எங்கிட்டயே சொல்றியா?" கோடீஸ்வரி பெஞ்சில் சம்மணம் போட்டுக்கொண்டாள். "எல்லாரும் ஆள் நிக்கிற எடத்துக்குப் பாஸ் குடுப்பாங்க. நான் ஆள் வரப்போற எடத்துக்குக் குடுப்பேன். ஒரு நாள் ஜெனிட்டா லேட்டு. அவ பஸ்ஸு பெரம்பூரே தாண்டல. நான் பந்தை லெஃப்ட் ஓரமா தட்டிவிட்டேன். யாருக்குடி குடுத்தேன்னு எல்லாரும் திட்டுறாங்க. பந்து பாட்டுக்கு உருண்டுக்கினே இருக்கு. பஸ்ஸு நின்னுச்சு, ஜெனிட்டா எறங்குனா, கோட்டுக்குள்ள கால வச்சா, பந்து அவ கால்ல. கோல்!"

"அப்ப வந்து எறங்குனவ போட்ட கோலை ரெஃபரி ஒத்துக்கினாரா?"

"அவரும் அதே பஸ்லதான்டி வந்தாரு."

நசீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணை மட்டும் மைதானத்திலிருந்து எடுக்கவில்லை. "அவங்க கீப்பர் கோட்டை விட்டு ரொம்ப முன்னாடி நிக்கிறா, பாரேன்."

கோடீஸ்வரி பார்க்கவில்லை. "நிக்கிறதுன்னா இன்னான்னு நான் சொல்றேன். மழையில ஒரு மேட்ச். இருவத்தோரு பேரும் தொப்பலா நனைஞ்சாங்க. நான் மட்டும் காஞ்ச துணியோட வூட்டுக்குப் போனேன். துளிக்கும் துளிக்கும் நடுவுல கேப் இருக்கும்ல? அதுல நின்னேன். மேட்ச்சுக்கே போகாம ஊர் சுத்திட்டு வந்தியான்னு எங்கம்மா அடிச்சாங்க. அந்த அடியிலயும் கேப் பாத்து நின்னுட்டேன்."

"ரீல் விடாதடி. அய்யோ, அவங்க நாலாம் நம்பர் நொண்டுறா!"

"தெரியும். இந்த மேட்ச்சையே நான் வெள்ளிக்கிழமை பாத்துட்டேன்."

"அப்ப ஸ்கோர் சொல்லு."

"சொன்னா உனக்கு ஆடுற ஆசையே போயிடும்."

ஆட்டம் முடியப் பதினைந்து நிமிடம் இருந்தது. யாரும் கோல் போடவில்லை. எஸ்தர் கோச் கையைத் தட்டி இருவரையும் அழைத்தார், மைதானத்துக்கு முதுகு காட்டி நிறுத்தினார். "கோடி, நீ முதல்ல சொல்லு."

கோடீஸ்வரி மூச்சுவிடாமல் சொன்னாள். ரைட் பேக் மேலே ஏறிவிட்டு இறங்குவதில்லை, பின்னால் வீடு கட்டலாம். கீப்பர் கோட்டை விட்டு முன்னால் நிற்கிறாள். நாலாம் நம்பர் நொண்டுகிறாள். அத்தனையும் நசீமா சொன்னது. இனி அவள் வாயைத் திறந்தால் காப்பியடித்த மாதிரி ஆகிவிடும். அழுகையும் ஆத்திரமுமாக நின்றாள்.

"மேட்ச் ஆரம்பிச்சதிலேர்ந்து நீ திரும்பவே இல்லையே. எப்படித் தெரிஞ்சுது?" என்றார் கோச்.

"எனக்கு முதுகுல கண்ணு..." என்று ஆரம்பித்த கோடீஸ்வரி நசீமாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். பதின்மூன்று வருடத்தில் முதன்முறையாக அந்த வாய் பாதியில் நின்றது. "கண்ணு இவளுது கோச். எனக்கு வாய் மட்டும்தான்."

கோச் நசீமா பக்கம் திரும்பினார். ஒரு மாதமாக அங்கே நில், இங்கே நில் என்று சொன்னவர் இப்போதுதான் கேட்டார். "எங்க நிக்கிறே?"

"லெஃப்ட்ல, கோச். அந்த ரைட் பேக் விட்டுட்டுப் போற எடத்துல."

கோச் அவளை இறக்கிய ஏழாவது நிமிடம் பந்து அந்தக் காலியிடத்துக்கு வந்தது. நசீமா அங்கே இருந்தாள். முன்னால் நின்ற கீப்பரின் தலைக்கு மேல் தூக்கிப் போட்டாள். எல்லோரும் மைதானத்தைப் பார்த்துக் குதித்தார்கள். பழையபடி திரும்பி உட்கார்ந்திருந்த கோடீஸ்வரி மட்டும் மரத்தைப் பார்த்துக் குதித்தாள்.

ஆட்டம் முடிந்து பட்டியலில் நசீமாவின் பெயரை எழுதிய கோச், பேனாவை மூடவில்லை. "வாய் மட்டும்தான்னு சொன்னியே கோடி. அந்த வாய்க்கு கிரவுண்டுல ஒரே எடம்தான் இருக்கு. கோல்போஸ்ட். அங்க பின்னாடி வலைதான். முன்னாடி பார்த்தே ஆகணும், பார்த்ததை விடாம கத்தணும். ரெண்டாவது கீப்பரா நீ வர்றே."

கோடீஸ்வரி குனிந்து அவிழ்ந்திருந்த ஷூ கயிற்றைக் கட்டினாள். பிறகு நசீமாவைப் பார்த்துக் கையை ஆட்டிப் பேசியபடி பின்பக்கமாகவே நடந்தாள்.

"கீப்பிங் எனக்குப் புதுசாடி? நான் பொறந்தப்ப நர்ஸ் கை வழுக்கிடுச்சு. என்னை நானே கேட்ச் புடிச்சேன்."

"பாத்தா புடிச்சே?"

"நான் எதுக்குடி பாக்கணும்?"

சொல்லி வாய் மூடவில்லை, பின்மண்டை கோல்போஸ்டில் ணங்கென்று இடித்தது.

"உன் எடம் வந்துடுச்சு, எறங்கு," என்றாள் நசீமா.