ஏகாம்பரம் சாரின் நாலு எண்

முதலாண்டு கம்ப்யூட்டர் வகுப்பில் பேராசிரியர் ஏகாம்பரம் வைத்ததுதான் சட்டம். டப்பாவிலிருந்து விபூதியை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, அதே கையோடுதான் தினமும் கம்ப்யூட்டரைத் திறப்பார்.

அன்றைக்குப் பாடம் தகவல் பாதுகாப்பு. கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு, கடைசி பெஞ்சிலிருந்த தவமணியை எழுப்பினார்.

"தமிழ் மீடியமா? மவுஸைத் தொட்டதுகூட இல்லையாமே! இதை நாலு எண் போட்டுப் பூட்டியிருக்கேன். எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது. நீ திறந்தா இங்கே படி. இல்லேன்னா நாளைக்கே வேற டிபார்ட்மென்டுக்கு மாறிக்கோ."

தவமணி போய்க் கறுப்புக் கீபோர்டைக் குனிந்து பார்த்தாள். அவரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். நாலே தட்டுத்தான், திரை திறந்துகொண்டது. வகுப்பே கைதட்டியது.

"யார் சொன்னா உனக்கு?" என்று சீறினார் ஏகாம்பரம்.

"நீங்கதான் சார். ஒண்ணு, ஆறு, எட்டு, ஒம்போது, இந்த நாலு கீயில மட்டும் உங்க விபூதி ஒட்டியிருக்கு. பிறந்த வருஷமாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாவும் இருக்கலாமே! அறுபத்தெட்டுன்னு எப்படிப் போட்டே?"

"உங்க வழுக்கையைப் பார்த்துத்தான் சார்."

சொல்லிவிட்டு, தவமணி கடைசி பெஞ்சுக்குத் திரும்பவில்லை. முதல் பெஞ்சில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.