கருவாட்டுக் கடையும் நாலு பெயர்க்காரனும்

ஏரிக்கரையில் குமுதா என்ற நீர்நாய் வாழ்ந்து வந்தாள். அயிரை மீனைப் பிடித்து, உப்புப் போட்டு, பாறையில் காயவைத்துக் கருவாடாக விற்பாள். காட்டுக்குள் செல்போன் வந்ததும் ஆன்லைனில் ஒரு கடை திறந்தாள். படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டால் போதும். காட்டு வங்கி வழியாகப் பணம் வந்துவிடும். வேலன் என்ற முயல் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். மூன்று குட்டிகளோடு தனியாகப் பிழைக்கும் குமுதாவுக்கு அந்தக் கடைதான் சோறு போட்டது.

ஒருநாள் மாசிலா என்ற பெயரில் ஐந்து பொட்டலத்துக்கு ஆர்டர் வந்தது. பணமும் வந்தது. வேலன் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

இரண்டு நாள் கழித்து வங்கியிலிருந்து செய்தி வந்தது. 'பொருள் வரவில்லை என்று வாங்கியவர் புகார் செய்திருக்கிறார். உங்கள் கணக்கிலிருந்து பணம் திருப்பி எடுக்கப்பட்டது. அபராதம் ஐம்பது ரூபாய்.'

கருவாடும் போயிற்று, காசும் போயிற்று, மேலே ஐம்பது ரூபாயும் போயிற்று. ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று குமுதா மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தங்கப்பன் என்ற பெயரில் ஆறு பொட்டலம் போனது. 'பொட்டலம் வந்தது, உள்ளே ஒன்றுமில்லை' என்று புகார் வந்தது. அதற்கும் அடுத்த வாரம் சொர்ணம் என்ற பெயரில் எட்டு. 'நான் கருவாடே சாப்பிடுவதில்லை. யாரோ என் கணக்கில் வாங்கியிருக்கிறார்கள்' என்று புகார். இரண்டு முறையும் பணம் திரும்பிப் போனது.

குமுதா வங்கிக்கு ஓடினாள். மேனேஜர் யானையம்மா அவளை உட்காரச் சொன்னாள்.

"ஏம்மா, புகார் சொன்னா போதுமா? என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" என்றாள் குமுதா.

"முன்னே ஒரு காக்கை மாம்பழம்னு படம் போட்டுக் கல்லைக் கட்டி அனுப்பினான். ஊரே ஏமாந்து நின்னுச்சு. அதுக்காக வந்த விதி இது. வாங்கினவங்க கையில கருவாடு சேர்ந்ததுக்குச் சாட்சி இருந்தா காட்டு, பணத்தைத் திருப்பித் தர்றேன்."

குமுதாவிடம் சாட்சி ஏதும் இல்லை.

யானையம்மா தும்பிக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொன்னும் சொல்லிடறேன். மூணு புகார் ஆயிடுச்சு. நாலாவதும் நிலைச்சா உன் கடைக்கு வங்கி பணம் வாங்கித் தராது. என் கையில ஒண்ணுமில்லை."

வங்கி பணம் வாங்கித் தராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். குமுதா ஏரிக்கரைக்குத் திரும்பி வந்து வேலனைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மூணு பொட்டலத்தையும் யார் கையில குடுத்தே?"

வேலன் காதைச் சொறிந்தான். "கையில குடுக்கலைக்கா. மூணு பேருமே, 'கூப்பிட வேண்டாம், இலுப்பை மரத்தடியில் வைத்துவிட்டுப் போகவும்'னுதான் எழுதியிருந்தாங்க."

"மூணு பேருக்கும் ஒரே மரமா?"

"ஆமாக்கா."

"அங்க யார் இருக்கா?"

"வீடு வாசல் ஒண்ணும் இல்லை. ஒரு பொந்து இருக்கு. சிங்காரம்னு ஒரு புனுகுப்பூனை அதுல படுத்திருப்பான்." சொல்லும்போதே வேலனுக்குப் புரிந்துவிட்டது. "அடப்பாவி. வாங்கக்கா, யானையம்மாகிட்ட சொல்லிடலாம்."

"சொன்னா, அவன் எடுத்ததை நீ பார்த்தியான்னு கேப்பாங்க. பார்த்தியா?"

"இல்லையே."

இரண்டு நாளில் அடுத்த ஆர்டர் வந்தது. பெயர் கோமதி. இனம் கீரி. பத்துப் பொட்டலம், அவசரம், இலுப்பை மரத்தடி. பணமும் கையோடு வந்துவிட்டது. வேலன், "வேண்டாம்னு சொல்லி பணத்தைத் திருப்பி அனுப்பிடுங்கக்கா" என்றான். குமுதா மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். பத்துப் பொட்டலத்துக்கும் எண் போட்டாள். மூட்டைக்குள் ஒரு சீட்டையும் வைத்துக் கட்டினாள்.

சிங்காரம் மூட்டையைப் பொந்துக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் பிரித்தான். முதலில் சீட்டுதான் கண்ணில் பட்டது. 'வாழ்த்துகள். எங்கள் கடையின் சிறந்த வாடிக்கையாளர் நீங்கள். ஒரு கிலோ இறால் பரிசு. பொட்டலத்தின் எண்ணும் உங்கள் முழு உருவமும் தெரியும்படி, கருவாட்டை ருசிப்பதுபோல ஒரு படம் எடுத்து அனுப்பவும்.'

சிங்காரத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கூடவே யோசனையும் வந்தது. 'வங்கி காட்டுக்கு அந்தப் பக்கம். கருவாட்டுக்காரி இந்தப் பக்கம். இவளுக்கு அனுப்பும் படத்தை அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? கோமதி எப்படி இருப்பாள் என்று இவள் பார்த்தாளா என்ன?'

தேக்கு இலை ஒன்றைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டான். வாயில் ஒரு கருவாடு, கையில் ஏழாம் எண் பொட்டலம். பல்லைக் காட்டிப் படம் எடுத்துக் குமுதாவுக்கு அனுப்பினான். கீழே, 'மிக்க சுவை. இப்படிக்கு, கோமதி' என்று எழுதினான். அடுத்த நிமிஷமே வங்கிக்கும் எழுதினான்: 'பத்துப் பொட்டலமும் வரவே இல்லை. இப்படிக்கு, கோமதி.'

மறுநாள் காலை குமுதா அந்தப் படத்தை யானையம்மாவின் மேசையில் வைத்து, இலுப்பை மரத்துப் பொந்தில் இருக்கும் சிங்காரத்தைப் பற்றியும் சொன்னாள். யானையம்மா புகாரை ஒரு முறை பார்த்தாள், படத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு சிங்காரத்தைக் கூட்டிவரச் சொன்னாள்.

"கருவாடு வந்ததா?" என்று கேட்டாள்.

"எந்தக் கருவாடு?" என்றான் சிங்காரம்.

யானையம்மா படத்தை நீட்டினாள்.

சிங்காரம் கொஞ்சமும் அசரவில்லை. "இது கோமதிங்க. பக்கத்துப் புதர்ல இருக்கற கீரி. நல்ல பொண்ணு."

"கீரிக்கு வால்ல கறுப்பு வளையம் உண்டா?"

சிங்காரம் படத்தைக் கூர்ந்து பார்த்தான். முக்காடு தலையை மட்டும்தான் மறைத்திருந்தது. அவன் மெல்லத் தன் வாலைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

யானையம்மா பழைய கணக்குகளைத் தோண்டினாள். மாசிலா, தங்கப்பன், சொர்ணம், கோமதி, நாலு கணக்கும் ஒரே செல்போனிலிருந்து திறந்தவை. ஆள் முகத்தைப் பார்க்காமல் கணக்குத் திறந்துகொடுத்தது வங்கியின் தவறுதான் என்று அவளே ஒப்புக்கொண்டாள். நாலையும் முடக்கி, குமுதாவின் பணத்தையும் அபராதத்தையும் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே வரும்போது சிங்காரம் குமுதாவின் பின்னாலேயே வந்தான். தொண்டையைக் கனைத்தான்.

"அப்போ அந்த இறால்?"

"நான் சொன்ன சொல் மாற மாட்டேன்" என்றாள் குமுதா. "பரிசு கோமதிக்குத்தான். அவளை நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்லு."

சிங்காரம் இலுப்பை மரத்தைப் பார்த்து நடந்தான். அன்று முதல் வேலன் எந்தப் பொட்டலத்தையும் மரத்தடியில் வைப்பதில்லை. வாங்கியவர் கையில் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டுதான் திரும்புகிறான்.

முகம் தெரியாதவரிடம் வியாபாரம் செய்பவர், பணம் வந்ததோடு நின்றுவிடாமல் பொருள் போய்ச் சேர்ந்ததற்கும் சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும்.