யார் உட்கார வைத்தது?

கோத்தகிரியில் மூடுபனி இறங்கிவிட்டால் எது ரோடு, எது பள்ளம் என்பதெல்லாம் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. அப்படியொரு பனிக்குள் ஒரு பழைய பங்களா இருந்தது. பங்களாவுக்குள் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து கீபோர்டுகள் மேல் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும். யாரும் அதை விரட்டுவதில்லை.

அங்கே வேலை சொல்லிக்கொடுத்தவர் செண்பகவல்லி. முப்பத்து சொச்சம் வயது. முன்பு காலேஜில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். சிஷ்யர் இருதயராஜோ அவரைவிட இருபது வயது மூத்தவர். தூத்துக்குடிக்காரர். பழைய காலத்துப் பெரிய கம்ப்யூட்டர்களில் ஊறிய மனிதர். அந்த வேலை போனபின், இந்த வயசில் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்க மலையேறி வந்திருந்தார். டீச்சர் அவரை அண்ணா என்பார். அதில் இருவருக்கும் கூச்சமே கிடையாது.

இருதயராஜிடம் ஒரு குணம். எது வேண்டுமானாலும் தானே செய்துகொள்வார். புரோகிராம் எழுதும்போதும் அப்படித்தான். ஒரு பொருள் தேவைப்பட்டால் ‘நியூ’ என்று எழுதி, அங்கேயே அந்த நிமிஷமே உண்டாக்கிக்கொள்வார். இன்னொருவரிடம் கேட்டு வாங்குவது அவருக்குக் கடன் கேட்பது மாதிரி.

அந்த ஆபீஸ் வழக்கமோ நேர்மாறு. எந்த சர்வீஸும், அதாவது ஒரு வேலைக்கென்று எழுதிய எந்தப் புரோகிராமும், தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளக் கூடாது. ‘எனக்கு இது வேணும்’ என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டியபடி இருக்க வேண்டும். அதற்கென்று இருக்கும் ஃப்ரேம்வொர்க் கொண்டுவந்து கையில் வைக்கும். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று பெரிய பெயர். பயப்படாதீர்கள், ஊசியெல்லாம் கிடையாது.

இருதயராஜ் எழுதியது ஒரு டயாலிசிஸ் சென்டருக்கான சர்வீஸ். யாருக்கு என்றைக்கு எந்த நேரம் என்று பார்த்து, நோயாளிகளின் போனுக்குச் சேதி அனுப்ப வேண்டும். வாசலில் நின்று வெளி அழைப்பை வாங்கி அதனிடம் விடுவது வெப் சர்வீஸ் என்ற இன்னொன்று. சேதி கொண்டுபோக ஒரு தூதுவன் வேண்டுமே. சோதனை செய்யும் நாட்களில் ஃப்ரேம்வொர்க் ஓர் ஊமைத் தூதுவனைக் கொடுக்கும். அவன் எதையும் வெளியே அனுப்ப மாட்டான், அனுப்பியதாகக் குறித்துக்கொள்வான், அவ்வளவுதான். நிஜமாக ஓடும்போது நிஜத் தூதுவன் வருவான்.

இருதயராஜ் காத்திருக்கவில்லை. ‘நியூ’ போட்டு நிஜத் தூதுவனைத் தானே செய்து சர்வீஸுக்குள் வைத்துவிட்டார். சோதனையும் ஓடியது. எல்லாம் பச்சை விளக்கு.

மேட்டுப்பாளையத்தில் சிட்டம்மாள் என்றொரு அம்மாவின் போன் மட்டும் சிணுங்கியது. சோதனைக்காக எழுதியிருந்த ‘நாளை உங்கள் டயாலிசிஸ் ரத்து’ என்ற சேதி நிஜமாகவே போய்ச் சேர்ந்திருந்தது. அந்த அம்மா நம்பிப் பேசாமல் வீட்டில் படுத்துவிட்டார். மறுநாள் மூச்சு முட்டி, உடம்பெல்லாம் வீங்கி, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்தது பெரிய விஷயம்.

இருதயராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தான் எழுதிய ‘நியூ’ ஒவ்வொன்றையும் தேடித் தேடி அழித்தார். ஆபீஸ் வழக்கப்படி, தூதுவன் வேண்டும் என்று எழுதிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டார். பிறகு ஓடவிட்டார்.

ஓடவில்லை. தூதுவன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு சர்வீஸ் விழுந்தது. மறுபடி ஓடவிட்டார். மறுபடி விழுந்தது.

அந்த நேரம் பார்த்து சென்டர் மேனேஜர் போன் பண்ணினார். "சார், சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா பழசையே போட்டுடுங்க. அது ஓடிச்சு இல்ல? எங்களுக்கு ஓடினா போதும்."

பழையது என்றால் அந்த ‘நியூ’ போட்டது. அடுத்த சோதனையில் அது எந்த வீட்டுக் கதவைத் தட்டுமோ, யாருக்குத் தெரியும்?

இருதயராஜ் டீச்சர் முன் போய் நின்றார். பனியில் டீச்சரின் முகம் பாதிதான் தெரிந்தது.

"டீச்சர், பழசைத் திரும்பப் போட என் கை வராது. போடச் சொன்னீங்கன்னா நான் மலையிறங்கிடறேன்."

"யார் போடச் சொன்னது?"

"ஆனா புதுசு ஓட மாட்டேங்குதே. நீங்க சொன்னபடி கை நீட்டித்தான் வச்சிருக்கேன். ஃப்ரேம்வொர்க் ஓடுது. தூதுவனும் அதுகிட்ட ரெடியா இருக்கான். அப்புறம் ஏன் என் கைக்கு மட்டும் வரலை?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாப்டீங்களா அண்ணா?"

"சாப்பாடா இப்ப முக்கியம்?"

"டீக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். ஆபீஸுக்கே சொல்லியிருக்காரு. வாங்க."

இருவரும் இறங்கி நடந்தார்கள். எங்கிருந்தோ நாதஸ்வரம் கேட்டது. மேலேயிருந்தா கீழேயிருந்தா என்று புரியவில்லை. சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனார்கள். திடீரென்று வாழைமரம் கட்டிய வாசல் எதிரே வந்து நின்றது.

மண்டபத்துக்குள்ளும் பனி. பட்டுப்புடவைகள் மட்டும் நடமாடுவதுபோல இருந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது. டீச்சர் ஓரத்தில் அடுக்கியிருந்த இலைகளிலிருந்து ஒன்றை உருவினார். கடைசித் தூணுக்கு அந்தப்பக்கம் சும்மா கிடந்த மேஜையில் விரித்தார்.

"இங்க உக்காருங்க அண்ணா. வரும்."

சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டார்.

இருதயராஜ் இலையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். உப்பு வைப்பவர் வந்தார். வரிசையாக வைத்துக்கொண்டே தூண் வரைக்கும் வந்து திரும்பிப் போனார். பொரியல் வந்தது, தூணோடு திரும்பியது. சாம்பார் வாளி வந்தது. என்ன வாசனை, என்ன வாசனை! அதுவும் தூணோடு திரும்பியது. கை தூக்கினார். "இதோ வருது" என்றது ஒரு குரல். வரவில்லை.

பக்கத்து வரிசைக்காரர்கள் பாயசத்துக்கு வந்துவிட்டார்கள். தூணுக்கு அந்தப்பக்கம் நடக்கும் கல்யாணத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லையோ என்று அவருக்குத் தோன்றியது. நாதஸ்வரம்கூட தூரத்தில் போய்விட்டமாதிரி இருந்தது.

இலையைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நுனி இடப்பக்கம். தண்ணீர் தெளித்தாயிற்று. குறை ஒன்றுமில்லை, சோறு மட்டும் இல்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். குணம் எங்கே போகும்? நேராகச் சமையல் கட்டுக்கே போய் ஒரு கரண்டியை எடுத்தார். சமையல்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இங்க வந்து எடுக்கப்படாது. இலைக்கு வரும். போய் உக்காருங்க."

"உக்காந்துட்டுத்தான்யா வர்றேன்!"

திரும்பி வந்தபோது தூணருகே டீச்சர் நின்றிருந்தார்.

"என்ன டீச்சர் இது? உக்காந்தேன், இலையும் இருக்கு. அங்க சோறு கொட்டிக்கிடக்கு. ஒருத்தனும் எட்டிப் பாக்கலையே."

"உங்களை யார் உக்கார வச்சது அண்ணா?"

"நீங்கதான்."

"பந்தி விசாரிக்கிறது யாரு?"

இருதயராஜ் திரும்பிப் பார்த்தார். மஞ்சள் துண்டு போட்ட ஒரு பெரியவர் வரிசையில் போய்க்கொண்டிருந்தார். வருகிறவர்களைத் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். அவர் உட்கார வைத்த இடத்துக்கெல்லாம் வாளிகள் தாமாகப் பின்னால் போயின.

"அவரு."

"அவருக்கு உங்களைத் தெரியுமா?"

இருதயராஜ் நின்றது நின்றபடி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அட கர்த்தரே," என்றார். "வெப் சர்வீஸ்தானே என் ஆளை, அதான் என் சர்வீஸை, உண்டாக்குது! வெளியிலிருந்து அழைப்பு வந்ததும் அதுவே ஒரு இலையைப் போட்டு அதுவே உக்கார வச்சிடுது. ஃப்ரேம்வொர்க்குக்கு அப்படி ஒருத்தன் உக்காந்திருக்கிறதே தெரியாதே!"

டீச்சர் அவரைப் பெரியவரிடம் அழைத்துப் போனார்.

"ஐயா, இவரு எங்க ஆளு. எங்க உக்காரணும்?"

"தூண்கிட்ட என்னத்துக்கு உக்காந்தீங்க? இப்படி வாங்க ராசா," என்று பெரியவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

உப்பு வந்தது, பொரியல் வந்தது, சாம்பார் வந்தது. எதையும் அவர் கேட்கவில்லை. போதும் போதும் என்று சொல்லச் சொல்ல இரண்டாம் கரண்டி விழுந்தது. இருதயராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. மிளகாய்க் காரம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டார்.

பங்களாவுக்குத் திரும்பியதும் அவர் தன் சர்வீஸைத் தொடவே இல்லை. வாசலில் நிற்கும் வெப் சர்வீஸுக்குத்தான் ஓர் ஏற்பாடு எழுதினார். இனி அழைப்பு வந்தால் ஆளை அது உண்டாக்கக் கூடாது, ஃப்ரேம்வொர்க்கிடம் போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும். சின்ன ஏற்பாடுதான்.

ஓடவிட்டார். சோதனை அழைப்பு வந்தது. ஆள் வந்தான். அவன் கையில் ஊமைத் தூதுவன் இருந்தான். ‘சிட்டம்மாள், ரத்து’ என்று குறித்துக்கொண்டு பேசாமல் நின்றான். கீழே மேட்டுப்பாளையத்தில் எந்தப் போனும் சிணுங்கவில்லை.

இருதயராஜ் மேனேஜருக்குப் போன் பண்ணினார். "சரியாயிடுச்சு. பழசை அழிச்சுட்டேன். இனிமே யார் கேட்டாலும் அது கிடைக்காது."

போனை வைத்தபின் அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. வெளியே பனி மரம் மரமாக விலகிக்கொண்டிருந்தது. டீச்சர் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"இப்பத்தான் புரியுது டீச்சர். எதையும் நானே செய்யக் கூடாது. எல்லாம் வர்ற வழியில வரணும்."

டீச்சர் திரும்பவில்லை.

"சிட்டம்மாளுக்கு என்ன சொன்னீங்க அண்ணா?"

"வருத்தம் தெரிவிச்சு மெசேஜ் போயிருக்கு."

"யார் அனுப்பினது?"

"சர்வீஸ்தான். மன்னிப்புக்குன்னு ஒரு வாசகம் இருக்கு, அது தானா போயிடும்."

கீழே வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"மேட்டுப்பாளையம் பஸ்தான் அது. அந்த மன்னிப்பை மட்டும் நீங்களே பண்ணி எடுத்துட்டுப் போங்க அண்ணா."