மாத்திரை முழுங்கிய மாப்பிள்ளை

கரிச்சான்குளத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர். அவர்களுக்கு இருந்த மூளையைப் பங்கு வைத்தால் ஒருவருக்கும் காணாது. மூத்தவன் பூவலிங்கத்துக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். அந்த வாரம் பார்த்துக் காய்ச்சல் வந்து கம்பளிக்குள் சுருண்டுவிட்டான், பாவம்.

பெண்ணின் அப்பா சங்கரபாண்டியன் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார்: "நடுங்குற கையால எம் மவளுக்குத் தாலி கட்டவா? மாத்திரைய ஒழுங்கா முழுங்குனவந்தான் மணையில உக்காரணும், ஆமா!"

தம்பிகள் மருந்துக்கடைக்கு ஓடினார்கள். உறையில் 'சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை' என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பரிமாறிவிட்டு யோசித்தார்கள்.

"சோத்துக்கு எதுடா முன்பக்கம்?" என்றான் நடுவுள்ளவன் சுடலைமுத்து.

"ஆவி போற பக்கந்தான். மூஞ்சி இருக்குற பக்கமாத்தானே மூச்சு வரும்?" என்றான் சின்னவன் வேலாண்டி.

ஆவி வாசல் பக்கம் போனது. மாத்திரையை அந்தப் பக்கம் பயபக்தியோடு வைத்தார்கள். பூவலிங்கம் சோற்றை மட்டும் தின்றுவிட்டுப் படுத்தான். வாசலில் நின்ற சேவல் வந்து மாத்திரையைக் கொத்திக்கொண்டு போனது.

காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் மறுபடி கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள். கடைக்காரர் நயினார் தலையில் அடித்துக்கொண்டார்.

"எழுத்தே வேண்டாம்யா. படமாப் போட்டுத் தாரேன். பச்சப்புள்ளைக்கும் புரியும்."

முதலில் மாத்திரை, அடுத்து திறந்த வாய், அப்புறம் சாப்பாட்டு இலை. நல்ல யோசனைதான். ஆனால் மனுஷருக்குப் படம் வரைய வராது. வாய் கொஞ்சம் கூராக வந்துவிட்டது.

வீட்டில் தம்பிகள் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள்.

"இது வாயில்லடா, அலகு. அண்ணனுக்கு ஏது அலகு?"

"அப்போ சேவலுக்குத்தான் மருந்து! நேத்து அது சரியாத்தான் செஞ்சிருக்கு. நமக்குத்தான் புத்தியில்ல."

"எனக்குக் குளிருதுடா," என்றான் பூவலிங்கம்.

"சேவல் முழுங்கட்டும், சரியாயிரும்," என்று கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டார்கள். அன்றிலிருந்து வேளை தவறாமல் சேவலுக்கு மாத்திரை கொடுத்து, இலை போட்டுச் சோறும் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேளம் முழங்க மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். சேவலுக்குப் பட்டுத்துண்டு சுற்றி, மாலை போட்டு, மணையில் உட்கார வைத்தார்கள்.

சங்கரபாண்டியனுக்குக் கண் பிதுங்கியது. "என்னடா இது?"

"நீங்க சொன்ன ஆளுதான் மாமா. ஒரு வேளைகூடத் தப்பாம முழுங்குனது இவருதான்," என்றான் சுடலைமுத்து.

"அப்போ பூவலிங்கம் எங்கடா?"

சேவலுக்குப் பக்கத்தில் இருந்த கம்பளி மூட்டை அசைந்தது. உள்ளேயிருந்து நடுங்கிக்கொண்டே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"இங்கதான் இருக்கேன் மாமா. நான் மாப்பிள்ளைத் தோழன்."