கடைசி வண்டிக்கு எந்த சைலன்சர்?

பொள்ளாச்சியில் எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் மலை ஏறுவார்கள். முன்னால் யார் வேண்டுமானாலும் போகலாம். கடைசி வண்டி மட்டும் மாறாது. அதை ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவரும் விடுபட்டு நிற்கக் கூடாது. பதினோரு வருடமாக அந்த இடம் ஆக்னஸ் டீச்சருடையது. ஒருவரும் விடுபட்டதில்லை.

டீச்சருக்குத் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்தது. ஊர் கள்ளக்குறிச்சி; பள்ளி திறக்கும்போது அங்கே போய்ச் சேர வேண்டும். ஜூன் மாதம் குழு இமயமலைக்கு, ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போவதாக இருந்தது. கடைசி வண்டி யார் என்ற கேள்வி எழுந்தது.

"பூவராகன் அண்ணா ஓட்டட்டும்" என்றார் டீச்சர். "மே மாசம் நாலு ஞாயிறு இருக்கு. வால்பாறை ரோட்டுல பார்ப்போம். சரிவரலேன்னா ஸ்பிட்டி வேண்டாம்."

பூவராகன் டைல்ஸ் கடைக்காரர். வயது ஐம்பத்து மூன்று. டீச்சரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் வண்டியை எப்படிச் சாய்ப்பது, இறக்கத்தில் எந்த கியர் என்று எல்லாம் கற்றது டீச்சரிடம்தான். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. வண்டியில் எல்லாம் இருந்தது. பஞ்சர் சாமான், முதலுதவிப் பெட்டி, இழுவைக் கயிறு. சைலன்சர் மட்டும்தான் முடிவாகவில்லை.

அவரிடம் மூன்று சைலன்சர்கள் இருந்தன. வண்டியோடு வந்த கம்பெனி சைலன்சர் கனமானது, சத்தமே இருக்காது. இரண்டாவது குட்டையானது. அடித்தொண்டையில் உறுமும். வலது பக்கத்துப் பையின் அடியைக் கருக்கியும் வைத்திருந்தது. மூன்றாவது டைட்டானியம். ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆக்சிலேட்டரை விட்டால் பொரிகடலை வறுப்பதுபோல் பொரியும்.

இருபத்து மூன்று வீடியோ பார்த்தார். பன்னிரண்டில் மாற்று என்றார்கள். பதினொன்றில் மாற்றாதே என்றார்கள். அந்தப் பதினொரு பேரும் மாற்றிவிட்டுத்தான் சொன்னார்கள். மெக்கானிக் குப்புராஜைக் கேட்டார். "சத்தம் இருந்தாத்தான முன்னால போறவனுக்கு நீங்க இருக்கறது தெரியும்" என்றார் குப்புராஜ். மறுநாள் அதே குப்புராஜ், "லாங் போறப்ப சத்தம் தலைவலிங்ணா" என்றார். பூவராகன் கடையின் ஆர்டர் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டு எழுதினார். எழுத எழுதக் குழப்பம் கூடியது.

டீச்சரிடம் போனார்.

"டீச்சர், கடைசி வண்டிக்கு எந்த சைலன்சர் சரி?"

டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எது சரின்னு படுது?"

"குட்டை சைலன்சர்னு தோணுது. நான் பின்னால வர்றது எல்லாருக்கும் கேக்கும். ஒரு தைரியம்."

"அப்ப அதையே மாட்டிட்டு வாங்க."

முதல் ஞாயிறு. ஆழியாறு அணையில் எட்டு வண்டிகள் நின்றன. பூவராகன் வண்டியைக் கிளப்பியதும் குரங்குகள் மரம் மாறின. "அண்ணா, எதுக்கு ஹாரனு? அதைக் கழட்டி எனக்குக் குடுத்துருங்க" என்றார் தாவூத் பாய். தென்னைநார் வியாபாரி. வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை நோய்க்கும் ஏறக்குறைய இருபது வயது. எப்போதும் கடைசிக்கு முந்தி வருவார். அவருடைய பழைய வண்டியில் இண்டிகேட்டர் போட்டால் பீப் பீப் என்று கத்தும். ரிவர்ஸ் எடுக்கிற லாரி என்று குழுவே கிண்டல் செய்யும்.

"உங்க பீப்பீயைவிட இது பரவால்ல பாய்" என்றார் பூவராகன்.

மலை ஏறினார்கள். அட்டகட்டி டீக்கடையில் பூவராகன் தலைகளை எண்ணினார். தன்னோடு சேர்த்து ஏழு. மறுபடி எண்ணினார். ஏழுதான்.

கால்மணி நேரம் கழித்து டீச்சர் வந்து சேர்ந்தார்.

"எங்க போனீங்க டீச்சர்?"

"எங்கயும் போகலை. ஒன்பதாவது வளைவுல வண்டியை ஓரங்கட்டிட்டு நின்னேன். நீங்க தாண்டிப் போனீங்க. மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன்."

பூவராகனுக்கு முகம் சுண்டிப்போனது. "கேக்கலை டீச்சர். இந்தச் சனியன் பிடிச்ச சத்தத்துல..."

"ம்" என்றார் டீச்சர்.

புரிந்துவிட்டது என்று நினைத்தார் பூவராகன். அடுத்த ஞாயிறு டைட்டானியத்தை மாட்டினார். அதன் வாய்க்குள் சத்தத்தை அடக்கும் சிறு குழாயையும் திருகிவிட்டார். உறுமல் இல்லை, ஊமையும் இல்லை. நடுவாந்தரம். வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு போனார். இறக்கங்களில் பொரிகிறதா என்று பார்த்தார். இரண்டு இடத்தில் லேசாகப் பொரிந்தது.

டீக்கடையில் ஏழு தலை.

டீச்சர் வந்தார். "பன்னிரண்டாவது வளைவு. நாலு தடவை கூப்பிட்டேன்."

"என்னங்ணா, டீச்சரைத் தொலைக்கறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு" என்றார் தாவூத் பாய்.

பூவராகன் சிரிக்கவில்லை. இப்போது நிச்சயமாகப் புரிந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு கம்பெனி சைலன்சர். வண்டி நகர்வதே தெரியவில்லை. காற்று கேட்டது, ஓடை கேட்டது. தானே தன்னை மெச்சிக்கொண்டார். நாலைந்து வளைவு தாண்டியதும் இன்னொன்றும் கேட்டது. சரக், சரக். செயினா, அது ஓடும் பல்சக்கரமா? இத்தனை நாள் சைலன்சர் சத்தத்தில் அமுங்கிக் கிடந்திருக்கிறது. தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டு போனார்.

ஏழு தலை.

அவர் டீ வாங்கவில்லை. ரோட்டைப் பார்த்து நின்றார். டீச்சர் சிவப்பு ஜாக்கெட்டோடு வந்து இறங்கினார்.

"பதினாலாவது வளைவு. சுவர் மேலயே உக்காந்திருந்தேன்."

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன். கையும் ஆட்டினேன்."

"சத்தமே இல்லாத சைலன்சர் டீச்சர் இது!"

"ம். அப்ப உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"செயின் சத்தம்" என்றார் பூவராகன்.

டீச்சர் டீக்குச் சொன்னார்.

பூவராகனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "சத்தமா இருந்தாலும் தப்பு. நடுவுல இருந்தாலும் தப்பு. சத்தமே இல்லேன்னாலும் தப்பு. அப்ப எதைத்தான் மாட்டறது? சொல்லிட்டாத்தான் என்னங்க? ஆறு பேர் லீவு எழுதிக் குடுத்தாச்சு. என்னால அவங்க ஸ்பிட்டி கெட்டுப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நடக்கறது?"

டீச்சர் டீயை ஆற்றிக் குடித்தார். "சனிக்கிழமை வண்டியையும் மூணு சைலன்சரையும் குப்புராஜ்கிட்ட விட்டுருங்க. எதை மாட்டணும்னு அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஞாயித்துக்கிழமை காலைல வண்டி அணைக்கு வந்துரும்."

அந்த வாரம் முழுக்கப் பூவராகனுக்கு அதே நினைப்பு. ஒரு வாடிக்கையாளர் குளியலறைக்குக் கேட்ட டைல்ஸை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டார்.

நான்காம் ஞாயிறு. முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. மலை பாதிக்கு மேல் பனிமூட்டத்தில் மறைந்திருந்தது. பூவராகன் அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டிகள் எல்லாமே கிளப்பி நின்றன. குப்புராஜ் அவருடைய வண்டியையும் கிளப்பி வைத்திருந்தார். எட்டு வண்டியின் இரைச்சல். எந்த சைலன்சர் என்று குனிந்து பார்க்கப் போன பூவராகன் தாவூத் பாயைக் கண்டார். பாய் ஹெல்மெட் வாரைப் பூட்ட முயன்றுகொண்டிருந்தார். இரண்டு தடவை நழுவியது. விரல் நடுங்கியது.

"பாய், சாப்பிட்டீங்களா?"

"ஊசி போட்டாச்சு. மேல போய் வடை தின்னுக்கலாம்."

"இப்ப ஏதாவது வாயில போடுங்க."

"அட போங்கணா. நான் என்ன கல்யாணப் பொண்ணா, ஊட்டிவிட?" பாய் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டார்.

பூவராகன் ஓடிப்போய் வண்டியில் ஏறினார்.

பாயின் பின்விளக்கை விட்டு அவர் கண் நகரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பாய் எப்படித் திரும்புகிறார், எங்கே பிரேக் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே போனார். பத்தாவது வளைவுக்கு மேல் பனி கெட்டியானது. எதிரே ஒரு பேருந்து வந்தது. அதற்கு ஒதுங்கி நின்று மறுபடி ஏறினார். பின்விளக்கு இல்லை.

பதிமூன்றாவது வளைவு. இல்லை. பதினாலு. இல்லை.

பாய் முன்னால் போய்விட்டாரா? தான் தாண்டி வந்துவிட்டோமா? வேகத்தைக் கூட்டினால் முன்னால் இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். பின்னால் இருந்தால் அந்த நேரமும் போய்விடும்.

வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

இலையிலிருந்து நீர் சொட்டியது. எங்கோ ஒரு மந்தி குரல் கொடுத்தது. மேலே, வெகு தூரத்தில், மற்ற வண்டிகள் போகும் முனகல். அதில் பாயுடைய வண்டி இல்லை என்று அவருக்குத் தோன்றியது. எப்படித் தோன்றியது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

வண்டியைத் திருப்பினார். இன்ஜினைப் போடவில்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறக்கத்தில் உருட்டவிட்டார். பதிமூன்றாவது வளைவில் நின்று மூச்சை அடக்கிக் கேட்டார். ஒன்றுமில்லை. இன்னும் உருட்டினார். பன்னிரண்டுக்குச் சற்று மேலே நின்றார்.

பீப். பீப். பீப்.

சுவருக்கு அந்தப் பக்கம், ஈர்க்குச்சி ஒடிகிற அளவுக்குத்தான் கேட்டது.

தாவூத் பாய் ஓரங்கட்ட இண்டிகேட்டர் போட்டிருக்கிறார். அதற்குமேல் முடியவில்லை. சுவர் முடிகிற இடத்தில் வண்டி புதருக்குள் சரிந்து கிடந்தது. பாய் வடிகாலில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பூவராகனைப் பார்த்து, "கடையைத் தொறந்தாச்சா?" என்றார்.

சாப்பிடாமல் ஊசி போட்டதில் பாய்க்குச் சர்க்கரை இறங்கிவிட்டிருந்தது. பூவராகன் முதலுதவிப் பெட்டியிலிருந்து குளுக்கோஸை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். பாயின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பத்து நிமிடம் ஆயிற்று. பாய் சுற்றிலும் பார்த்தார்.

"அண்ணா, என் வண்டி?"

"கெடக்குது. இன்னும் பீப்பீன்னு கத்திட்டுத்தான் இருக்குது."

பாயைப் பின்னால் உட்கார வைத்து, அவருடைய இரண்டு கையையும் தன் இடுப்பைச் சுற்றிக் கோத்துக்கொண்டு, பூவராகன் மேலே ஏறினார்.

டீக்கடையில் அன்று டீச்சரும் மற்ற ஐந்து பேரும் ரோட்டிலேயே நின்றிருந்தார்கள். பாயை இறக்கினார்கள். வடை வந்தது. சர்க்கரை போட்ட டீ வந்தது.

"இருபது வருஷமா எல்லாரும் சர்க்கரை திங்காத, திங்காதன்னு உசுரை வாங்கறாங்க" என்றார் பாய். "இவரு ஒருத்தர்தான் வாயில ஊத்தினாரு."

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேர் பாயின் வண்டியை எடுத்துவரக் கீழே போனார்கள். பூவராகன் பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு டீயை அவர் கையில் வைத்தார்.

டீ பாதி ஆனதும் பூவராகனுக்கு நினைவு வந்தது.

"டீச்சர், நீங்க இன்னும் சொல்லவே இல்லையே. ஸ்பிட்டிக்கு எந்த சைலன்சரை வச்சுக்கறது?"

"இன்னிக்கு எது மாட்டியிருக்கு?"

பூவராகன் வாயைத் திறந்தார். உறுமலா? பொரிந்ததா? யோசித்தார். பாயின் பின்விளக்கு நினைவுக்கு வந்தது. இலையில் சொட்டிய நீர் நினைவுக்கு வந்தது. பீப் பீப் வந்தது. வண்டி எதிரேதான் நின்றது, இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு. சைலன்சர் வலது பக்கம். அவர் எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்கணா. பார்க்காம சொல்லுங்க."

அவர் டீயையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தெரியலையே டீச்சர்."

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அதையே வச்சுக்கங்க."