தப்பே செய்யாத யானை

"நம்ம கம்ப்யூட்டர் மொழியில பிள்ளைங்களால தப்பே பண்ண முடியாதுங்க!" என்று லிஃப்டில் யாரிடமோ போனில் அளந்துகொண்டிருந்தார் முதலாளி ஞானசிகாமணி. பின்னால் நின்ற வளர்மதிக்குப் பகீரென்றது. கட்டளை எழுதிய வண்ணக் கட்டைகளைப் பிள்ளைகள் திரையில் கோத்து விளையாடும் அந்த மொழியை வடிவமைப்பவள் அவள்தான்.

பயந்தபடியே ஆயிற்று. லிஃப்டை விட்டு இறங்கியதும் அவர் அவளிடம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை பள்ளித் தாளாளரம்மா வர்றாங்க. தப்பே வராத மொழி தயாரா இருக்கணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்கம்மா."

வெள்ளிக்கிழமை தாளாளரம்மாவுக்குக் காட்ட முதலாளியே திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு யானை, ஒரே ஒரு கட்டை: 'நில்'. போட்டார், யானை நின்றது. இன்னும் நாலு போட்டார், அப்போதும் நின்றது.

"ஏம்மா, இது நடக்காதா?" என்றார் தாளாளரம்மா.

"நடந்தா எங்கயாச்சும் மோதிருங்க மேடம். மோதினா தப்பாயிரும். சார் தப்பே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாருங்க."

தாளாளரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "மோதுற யானை இருக்கா?"

வளர்மதி அடுத்த திரையைத் திறந்தாள். அதில் 'நட', 'திரும்பு' எல்லாம் இருந்தன. முதலாளி விறைப்பாக மூன்று 'நட' கோத்தார். யானை விறுவிறுவென்று போய்க் குளத்தில் தொப்பென்று விழுந்தது.

"இப்ப என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டாள் வளர்மதி.

ஞானசிகாமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, கடைசி 'நட'வைக் கழற்றி அங்கே 'திரும்பு' கட்டையை மாட்டினார்.